கண்ணுக்குக் குளிர்ச்சி

டிவியைச் சுவரில் மாட்ட வந்த ஆட்கள் அதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார்கள். செய்தி வாசித்த பெண்ணின் உதடு ரத்தச் சிவப்பாக இருந்தது. அவளுக்குப் பின்னால் தெரிந்த புல்வெளி, மாடுகூட வாய்வைக்கத் தயங்கும் பச்சை. வீட்டுக்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார், கண்ணைச் சுருக்கினார், உதட்டைப் பிதுக்கினார். "இது கடையில ஆள இழுக்கறதுக்கு வெச்ச கலரு. வீட்டுக்கு ஆகாது" என்றார். நிற விஷயத்தில் அவர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

அவருக்குப் பட்டறையில் சொட்டு என்று பேர். அடிபட்டு வரும் கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் பட்டறை அது. ஒரு கதவை மட்டும் புதிதாக அடித்துவிட்டால் போதாது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து நிறம் மங்கிப்போன மற்ற கதவுகளோடு அது ஒட்டிப்போக வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நிறம் அங்கே உதவாது. கலவை மேசையில் நின்று, வண்டியை ஒரு பார்வை, கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்து, ஒரு சொட்டு நீலம் போடு, அரைச் சொட்டு கறுப்பு போடு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிறவர்கள் அதைச் சொட்டை என்று காதில் வாங்கிக்கொண்டு, அவருடைய அடர்ந்த தலைமுடியைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள்.

கலவை மேசைக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. குறைவாகப் போடு, போதாவிட்டால் இன்னும் போட்டுக்கொள்ளலாம், போட்ட சொட்டைத் திரும்ப எடுக்க மட்டும் முடியாது. இதை வீட்டில் அடுப்பு முன்னால் நின்று, மனைவி உப்புப் போடும்போதும் சொல்வார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மனைவியைத் தெரு முழுக்கத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். முன்னறையில் ஜன்னலோரம் மிஷின். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சட்டைக்கு நைந்துபோன காலரைத் திருப்பிப் போடுவது, இதுதான் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நூல் எடுத்துக் கொடுப்பது அவர்தான். துணியை நீட்டினால் போதும், நூல்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நூல்கண்டை எடுத்துப் போட்டுவிடுவார். தைத்து முடித்த பிறகு தையல் எங்கே இருக்கிறதென்று தேடத்தான் வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காக அவருடைய மற்ற எல்லா அலட்டலையும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது பெரிய பொய்யில்லை.

இப்படிப்பட்ட மனுஷருக்குப் போன மாதம் ஒரு சறுக்கல். பல் டாக்டர் ஒருவரின் வெள்ளை கார், ஒரு கதவு. எடுத்துக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வந்து நின்றார். கதவு நீலம் அடிக்கிறது என்றார். சொட்டு வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அடித்த கதவையும் பக்கத்துக் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "கதவு சரியாத்தான் இருக்கு சார். நீங்க போய்க் கண்ணக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். பட்டறையே சிரித்தது. பல் டாக்டர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், முதலாளிக்குப் போன் பண்ணினார்.

அன்று சாயங்காலம் இதை ஒரு வெற்றிக்கதை மாதிரி வீட்டில் சொன்னார் சொட்டு. நாள் முழுக்க வெள்ளைப் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு வெள்ளை தெரியாமல் போகுமா என்று தையலக்கா கேட்டாள். பல் வேறு, கதவு வேறு என்று பதில் வந்தது. கதையின் வாலை அவர் பிறகு ஒருநாள்தான் சொன்னார், அதுவும் சாப்பிட்டுக் கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு. இன்னொரு வெள்ளை திரும்பி வந்தால் கலவை மேசைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அப்புறம் சொட்டு உப்புத்தாளைப் பிடித்துக் கதவு தேய்க்கப் போகவேண்டியதுதான். இப்போது வருகிற பெயின்ட் டப்பா சரியில்லை, கம்பெனி மாறிவிட்டது, அதுதான் காரணம் என்றார்.

மேசை போனாலும் அடுப்பு எரியும், அது தையலக்காவுக்குத் தெரியும். ஆனால் பேர் போய்விடும். பேரை இழந்த சொட்டுவை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மகளும் மாப்பிள்ளையும் டிவியை வாங்கி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிபண்ணிக் கொடுக்க அவர்களே வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடையில் வேலை. தலைவலி மாத்திரை போடுவதானாலும் அட்டைக்குள் இருக்கும் காகிதத்தைப் பிரித்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவார். டிவியைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். சொட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டிவிக்குள் இருக்கிற பட்டியலெல்லாம் தமிழில் வர வேண்டும், படிக்கத் தெரியாத பாஷையில் நான் எதையும் திருப்ப மாட்டேன்.

தமிழில் வந்தது. வந்த தமிழ் ஒரு தினுசாக இருந்தது. 'கடைக் காட்சி' என்று இருந்ததை 'வீடு' என்று மாற்றினார்கள், புல்வெளி பாதி அடங்கியது. 'கண்கவர்' என்பதை எடுத்துவிட்டுத் 'திரைப்படம்' என்பதை வைத்தார் மாப்பிள்ளை, உதடு உதடாயிற்று. முகங்களைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு, 'கூர்மை'யைக் குறைத்ததும் மறைந்தது. 'அசைவுச் சீராக்கம்' என்று ஒன்று. அதனால் பழைய படத்தில் நடந்து போகிற ஆள்கூட எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி தெரிந்தான், அதை அணைத்துப்போட்டார்கள். 'மாறுபாடு' வந்தபோது, இந்த வீட்டில் அதற்குக் குறைச்சலே இல்லை, தயவுசெய்து கூட்டாதீர்கள் என்றாள் தையலக்கா. பின்னொளிக்குப் பகலில் ஓர் அளவு, விளக்குப் போட்ட பிறகு ஓர் அளவு என்று மாப்பிள்ளை திரைச்சீலையை இழுத்துவிட்டு, திறந்துவிட்டு, பொறுமையாக வைத்துக் காட்டினார். எவ்வளவு வைத்தாலும் சொட்டு இன்னும் கொஞ்சம் என்றார். மங்கலாக இருக்கிறதாம். மற்ற மூன்று பேருக்கும் கண் கூசியது.

கடைசியில் 'நிறவெப்பம்' என்று ஒன்று வந்தது. அதற்குக் கீழே குளிர்ச்சி, நடு, சூடு.

சூடு மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள் தையலக்கா. புது சாமான், சூட்டில் வைத்தால் உள்ளே வெந்துபோகும். மகள் சிரித்துச் சிரித்து இருமவே ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்காமல் விளக்கினார். சூடு என்றால் வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் சாயல், குளிர்ச்சி என்றால் கொஞ்சம் நீலச் சாயல், அவ்வளவுதான், டிவி சுடாது, வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்குச் சூடுதான் தோது. தையலக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுப் போய் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

சூட்டில் வைத்ததும் சொட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தாளுக்கு என்ன, மஞ்சக்காமாலையா?"

மற்றவர்களுக்குச் சட்டை வெள்ளையாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், மகள் அவர் காலை மிதித்தாள். நடுவில் வைத்தார்கள். இனி இதில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, ரிமோட்டைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார் சொட்டு.

கொஞ்ச நாளாகவே அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் எதிரே வருகிற வண்டியின் விளக்கு பூ மாதிரி விரிந்து தெரிகிறது என்பார். டாக்டரிடம் காட்டச் சொன்னால், பெயின்ட் புகை, வேறொன்றுமில்லை என்பார். தையலக்காவின் கணக்கு வேறு. நாள் முழுக்க அனலில் நிற்கிற உடம்பு, அந்தச் சூடு கண்ணுக்கு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்தால் இவ்வளவு பெரிய டிவி வேறு முகத்துக்கு நேரே எரிகிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு பேன்ட்டுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தவள், ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். ரிமோட்டை எடுத்தாள். மாப்பிள்ளை போன வழியிலேயே போய் நிறவெப்பத்தைக் கண்டுபிடித்தாள். மாப்பிள்ளை சொன்ன நீலச் சாயலெல்லாம் அவள் மனதில் நிற்கவில்லை. குளிர்ச்சி என்ற சொல்தான் நின்றது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று உலகமே சொல்கிறது. டிவி செய்தவனும் அதையே எழுதி வைத்திருக்கிறான். அதை விட்டுவிட்டு இந்த ஆண்கள் நடுவில் போய் நிற்கிறார்கள். அமுக்கினாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் மாமியார் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அமுக்கியதும் அந்த அம்மாளுக்கு உதடு வெளுத்து, பல் நீலம்பாரித்து, கிணற்றிலிருந்து தூக்கியெடுத்த மாதிரி ஆகிவிட்டது. தையலக்காவுக்கே ஒருமாதிரி இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை. மருந்து கசக்கத்தான் செய்யும். தவிர, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண்டுபிடித்துவிடுவார், ஒரு கத்துக் கத்துவார், அப்போது மாற்றிக்கொண்டால் போகிறது என்று நினைத்தாள். கத்தினால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

அவர் வந்தார். முகம் கழுவினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தி பார்த்தார். தையலக்கா மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"இப்பதான் பாரு செட்டாகியிருக்கு" என்றார். "புது டிவின்னா பழகணும். அன்னிக்கே சொன்னேன்ல?"

கேலி பண்ணுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். உதட்டில் சிரிப்புகூட வந்துவிட்டது. திரும்பி முகத்தைப் பார்த்தாள். அவர் நிம்மதியாக, காலை நீட்டிக்கொண்டு, நீலம்பாரித்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூடச் சட்டை ஒன்று காலர் மாற்ற வந்திருந்தது. நூல்பெட்டியிலிருந்து இரண்டு கண்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று நல்ல வெள்ளை. இன்னொன்று, ஆஸ்பத்திரிச் சட்டைகளுக்கு வாங்கிய வெளிர்நீலம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அவர் வந்ததும் வழக்கம்போலச் சட்டையை நீட்டி, எது சேரும் என்று கேட்டாள். அவர் இரண்டு கண்டையும் எடுத்து ஜன்னல் பக்கம் போனார். முன்னெல்லாம் ஜன்னலுக்குப் போனதில்லை. துணியின் மேல் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு வெளிர்நீலத்தை அவள் கையில் போட்டுவிட்டு, இதுகூடத் தெரியவில்லையா என்று தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவள் வெள்ளை நூலில் தைத்தாள். தைக்கும்போது அழுகையாக வந்தது. பல் டாக்டர் சொன்னது சரி. டப்பாவும் சரி, கம்பெனியும் சரி. பழுது கண்ணில்தான். கண் போய்க்கொண்டிருக்கிறது என்றே அவள் நினைத்தாள். இன்றைக்கு நீலம், நாளைக்கு என்னவோ.

சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? மேசை போய்விடுமோ என்று முதுகைக் காட்டிக்கொண்டு பேசின ஆளிடம் போய், உங்களுக்கு நிறம் தெரியவில்லை என்று சொல்வதா? ஒரு தடவை சொல்லிவிட்டால் அது சொன்னதுதான், கிண்ணத்தில் விழுந்த சொட்டு மாதிரி, திரும்ப எடுக்க முடியாது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவரோ வியாழக்கிழமை உற்சாகமாக வந்தார். திங்கட்கிழமை காலையில் டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்று வருகிறதாம், வெள்ளை, இரண்டு கதவு. அதை அடித்துக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கிறேன் பார் என்றார். தையலக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே நுழைந்தவர் டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா, எல்லாரையும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வெச்ச மாதிரி இருக்கு?"

சொட்டுவுக்குச் சுள்ளென்று ஏறியது. அன்றைக்கு வைத்தபடிதான் இருக்கிறது, கலரைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றார். மகளும் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். மாப்பிள்ளை மெதுவாக ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். நிறவெப்பத்தில் வந்து நின்றது. குளிர்ச்சி என்ற சொல்லின் மேல் கட்டம் கட்டியிருந்தது.

"நடுவுலதான வெச்சோம்? நீங்க மாத்தினீங்களா மாமா?"

சொட்டு திரையில் இருந்த சொல்லைப் பார்த்தார், பிறகு தையலக்காவைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஆமாம், அவர்தான் மாற்றினார், அவருக்கு அப்படித்தான் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டால் அவர் மானம் தப்பும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். காலையில் எழுந்து டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு வெள்ளை கலப்பார்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள். "செவ்வாக்கெழமையே மாத்திட்டேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சூடு வைத்தால் வெந்துவிடும் என்று குளிர்ச்சியில் வைத்திருக்கிறாள் இந்த அம்மா என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். மாப்பிள்ளையும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"செவ்வாக்கெழமையா?" என்றார் சொட்டு.

"ஆமாங்க."

அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தார், பேசாமல் சாப்பிட்டார், மாப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மகள் அம்மாவின் காதில் கேட்டாள். அலுப்பு என்று சொல்லி வைத்தாள் தையலக்கா. அவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பிப் போனார்கள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தவளிடம் சொட்டு ரிமோட்டை நீட்டினார். தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நடுவுல வை, குளிர்ச்சில வை, மாத்தி மாத்தி வை. எதுன்னு நீ சொல்லாத. நான் சொல்றேன்."

அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் மாற்றுவாள், அல்லது மாற்றாமல் விடுவாள், பிறகு பட்டியலை மறைத்துவிட்டு ம் என்பாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்வார். முதல் தடவை தப்பு. இரண்டாவது சரி. அதற்கப்புறம் வரிசையாகத் தப்பு. ஒரு தடவை அவள் மாற்றவே இல்லை, இப்போது தெளிவாகத் தெரிகிறது, நீ மாற்றிவிட்டாய் என்றார். அவள் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டாள்.

"போதுங்க."

"நூலு?" என்றார். "அன்னிக்கு அந்தச் சட்டைக்குக் குடுத்தேனே?"

"அது நீலம்."

"நீ எதுல தெச்சே?"

"வெள்ளையில."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவர் எழுந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வெள்ளைச் சுவர். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதில்லை. தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவரே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். வெள்ளை எனக்குத் தெரியவில்லை, டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு நான் கலக்க மாட்டேன். எந்தத் திட்டுக்கும் தயாராக நின்றாராம். முதலாளி திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் கண்ணைக் காட்டு, மேசையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாராம். அப்புறம் என்றால் எப்போது என்று சொட்டுவும் கேட்கவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. அன்று அந்த வெள்ளையைக் கலந்தது பக்கத்து மேசை ஆள். சொட்டு கதவுகளுக்கு உப்புத்தாள் போட்டார். இதையெல்லாம் வீட்டில் சொல்லும்போது அவர் முதுகைக் காட்டிக்கொள்ளவில்லை.

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். புரை. கொஞ்சம் சீக்கிரமாகவே விழுந்துவிட்டது, உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கி, பழுத்து மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஆளுக்கு நீலம் எப்படித் தெரியும்? எடுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம், இப்போது வலது, கொஞ்சம் பொறுத்து இடது. கண்ணே போகப்போகிறது என்று இத்தனை நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்த தையலக்கா, புரைதானா, வெறும் புரைதானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அங்கேயே ஓவென்று அழுதுவிட்டாள். எல்லா இடத்திலும் வலிக்கிறவர்தான் அழுவார், இங்கே துணைக்கு வந்தவர் அழுகிறாரே என்றார் டாக்டர்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, சட்டையைக்கூட மாற்றாமல் அவர் நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். போடச் சொன்னார். அது இப்போது சூட்டில் இருந்தது. மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போனது. தையலக்கா அதற்குச் சம்மதித்திருந்தாலும், டிவியின் முதுகை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"அந்தக் குளிர்ச்சிய வை."

வைத்தாள். அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தார். செய்தி வாசித்த பெண் நீல உதட்டோடு ஏதோ வெள்ளச் சேதம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையை மாற்றிப் பழைய கண்ணால் பார்த்தார். மறுபடி புதுக் கண். மறுபடி பழையது. தையலக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதையா நல்லா இருக்குன்னேன்?"

"ஆமா. செட்டாகிடுச்சுன்னு சொன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கையைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பல் டாக்டரப் பாத்து என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அத்தன பேர் முன்னால சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு அந்த நீலக் கதவோடதான இன்னிக்கும் போயிட்டு வந்துட்டிருப்பாரு?"

வேறு எங்காவது கொடுத்து மாற்றியிருப்பார் என்றாள். அவர் நம்பவில்லை. போனை எடுத்து வரச் சொன்னார். முதலாளியிடம் கேட்டு நம்பர் வாங்கினார். இன்றைக்கே எதற்கு, கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், இன்னொரு கண்ணும் முடியட்டும் என்று தையலக்கா சொல்லிப் பார்த்தாள். பேசுவது வாய்தானே, கண் இல்லையே என்றார்.

வண்டியைக் கொண்டுவரச் சொல்லப்போகிறார், இரண்டு கண்ணும் சரியானதும் அந்தக் கதவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுக்கப்போகிறார். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது. மேசை திரும்பக் கிடைக்குமா என்று முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை. கிடைக்காவிட்டால் தன் கலவை வேலை இந்த ஒரு கதவோடு முடியட்டும் என்று இவர் நினைக்கிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"இத்தன நாள் கழிச்சு இப்ப எதுக்குன்னு அவரு கேட்டா என்ன சொல்வீங்க?"

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சொட்டு போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணக் காட்டிட்டேன் சார்னு சொல்வேன்."

யாரோ போனை எடுத்தார்கள். தையலக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள், அப்படியே அதை மறுபடி சூட்டில் வைத்தாள்.